செய்மதித் தட்டும் கூட்டுக் கம்பியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வாதம்

வீட்டுக்கு டிஷ் பூட்டுவதா, கேபிள் எடுப்பதா என்ற வினாவைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு மலரிலே எழுப்புவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். இலக்கியமும் இலக்கணமும் ஆராயப்பட வேண்டிய பக்கங்களிலே கூரைமேல் நிற்கும் ஒரு தட்டுக்கு என்ன இடம் என அவர்கள் வினவலாம். அவர்களுக்கு நான் கூறக்கூடியது ஒன்றே. பதுளையிலிருந்து பசறைக்கோ, ஹாலி-எலையிலிருந்து பண்டாரவளைக்கோ பஸ்ஸிலே செல்லும்போது யன்னலூடாக மலைச்சரிவை ஒருமுறை நோக்குங்கள். வெள்ளைக்காரர் காலத்து லயமொன்று தென்படும். ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு காம்பராக்கள். அக்கூரையின் மேலே பன்னிரண்டு தட்டுகள். ஒரு மக்கட் கூட்டம் எதனைப் பார்க்கிறது, எவருடைய குரலைக் கேட்கிறது, எவரோடு சேர்ந்திருந்து கேட்கிறது என்பனவெல்லாம் அக்கூரையின்மீது எழுதப்பட்டுள்ளன. தமிழைப் பற்றிப் பேசுவோர் அதனை வாசிக்கத் தவறலாகாது.

விடுதியறையிலே நிகழ்ந்த ஒரு வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. என் மாவட்டத்தைச் சேர்ந்த நண்பர்கள் இருவர் டிஷ்ஷுக்காக வாதிட்டனர். கொழும்பு தரத் தயங்கிய தமிழை டிஷ் நாள் முழுவதும் தருகிறது என்றனர். துரை, தலைவர், கேபிள்காரர் ஆகிய எவரும் இடையில் இல்லை என்றனர். கேபிள் நகரத்தாருக்கு உரியது. அது மலையேறி வராது என்றனர். "டிஷ்தான் தோட்டத் தொழிலாளி தன் கைக்காசில் வாங்கிய முதற் சுதந்திரம்" என்று ஒருவர் முழங்கினார். அவ்வாக்கியம் செவிக்கு இனியது; ஆயின் உண்மையன்று. டிஷ் எங்கள் வீடுகளுக்குப் படத்தைத் தந்தது. அதே வேளையில் அவ்வீடுகளை ஒன்றோடொன்று பேசவிடாது பிரித்தும் வைத்தது. தோட்ட மக்கள் தாமே உடைமையாகக் கொண்டு நடத்தும் கேபிளே அவர்களுக்கு வேண்டியது என்பதே என் கட்சி. அதனை நிறுவ முயல்வேன்.

1

எதிர்க்கட்சியின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்வது நேர்மையாகும். இலங்கையிலே சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலும் ரூபவாகினி 1982 ஆம் ஆண்டிலும் தொடங்கின. ரூபவாகினியின் பிரதான ஒளிபரப்பு நிலையம் 2,524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகலைச் சிகரத்தில் அமைந்தது. சிகரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. குன்றைச் சுற்றி வளைந்து பள்ளத்துள் இறங்குவன அல்ல. நமுனுகுல மலையின் மடிப்புகளுக்குள்ளும் மடுல்சீமை, லுணுகலைப் பள்ளத்தாக்குகளிலும் வாழ்ந்தோர் மூங்கில் நுனியில் அன்ரெனாவைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று திருப்ப, மற்றொருவர் உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்" எனக் கத்திய காலத்தை எங்கள் பெற்றோர் இன்றும் கூறுவர். திரையிலே பனி பெய்யும். அப்பனியினூடே வந்த தமிழும் சொற்பமே. சக்தி தொலைக்காட்சி 1998 இலும் வசந்தம் 2009 இலும் தோன்றும்வரை நாள் முழுவதும் தமிழ் பேசும் உள்நாட்டுத் திரை எங்களுக்கு இருந்ததில்லை.

இந்நிலையிலே டிஷ் வந்தது. புவிநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் தொலைவில் நிலைகொண்ட செய்மதி எங்களுக்குப் பெரும் அனுகூலம் செய்தது. பதுளை வட அகலாங்கு 7 பாகையை அண்டியும் கிழக்கு நெட்டாங்கு 81 பாகையிலும் உள்ளது. இந்தியாவுக்குத் தொலைக்காட்சி வழங்கும் செய்மதிகள் பல கிழக்கு நெட்டாங்கு 83 பாகைக்கும் 95 பாகைக்கும் இடையில் நிற்கின்றன. எனவே அவற்றின் சமிக்ஞை 70 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. இலண்டனில் வாழ்பவர் 25 பாகையளவு சாய்வாக வரும் சமிக்ஞைக்காக அயற்கட்டடத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குகளுக்கோ மலை ஒரு தடையாகாது. பிதுருதலாகலை செய்ய இயலாததை வானம் செய்தது. இதனை மறுப்பவன் எங்கள் மலைகளை அறியாதவன்.

2

ஆயினும் ஒரு கருவி எதனைச் செய்ய வல்லது என்பது ஒன்று. அதனை எவ்வாறு ஏற்பாடு செய்கிறோம் என்பது வேறொன்று. இதற்கு வரலாறு ஓர் அரிய சான்றைத் தருகிறது. 1975 - 76 ஆம் ஆண்டுக் காலத்தில் இந்தியா ஓர் அமெரிக்கச் செய்மதியைக் கொண்டு கல்வித் தொலைக்காட்சிச் சோதனையொன்றை நடத்தியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களிலே கம்பிவலையாலான பெருந்தட்டுகள் நிறுவப்பட்டன. கிராமத்துக்கு ஒரு தட்டு, ஒரு பெட்டி, அதுவும் பொது இடத்திலே. உழவும் சுகாதாரமும் பாடமும் பற்றிய நிகழ்ச்சிகளை ஊர் கூடியிருந்து பார்த்தது.

அதே 1975 ஆம் ஆண்டில், அதே செய்மதியைப் பெறும் தட்டொன்றை இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் கொழும்பிலே ஆதர் சி. கிளார்க் அவர்களின் இல்லத்தில் நிறுவினர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே தோன்றாத காலம் அது. புவிநிலைச் செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என 1945 இலேயே எழுதிய அறிஞரின் வீட்டுக்கு அத்தட்டு வந்தமை பொருத்தமே; அவரிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த இரு காட்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். செய்மதி ஒன்றே. அங்கே ஊருக்கொரு தட்டு; இங்கே வீட்டுக்கொரு தட்டு. எங்கள் லயத்துக் கூரைகள் இந்தியக் கிராமத்தைப் பின்பற்றவில்லை. கொழும்பு வீட்டையே பின்பற்றின. தனிவீடும் வளவும் உடையவருக்குப் பொருந்திய ஏற்பாட்டை, பொதுச் சுவரும் பொதுக் கூரையும் பொதுப் பீலியும் உடைய மக்கள் மேற்கொண்டனர்.

3

இடையில் எவரும் இல்லை என்ற வாதம் இனி வருகிறது. உண்மையில் இல்லையா? மலையகத்திலே பெருமளவுக்கு விரும்பப்படும் இந்திய டிஷ் சேவைகள் இந்தியச் சந்தைக்கென உரிமம் பெற்றவை. இங்கே அவற்றைப் பயன்படுத்துவோர் கடைக்காரரையும் அவருக்கு அப்பாலுள்ள மூன்றாங்கையரையும் நம்பி ரீசார்ஜ் செய்கின்றனர். பெட்டி பழுதடைந்தால் முறையிடுவதற்கு ஓர் அலுவலகமில்லை. இணைப்பு அறுந்தால் வழக்காட உரிமையில்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கை ரூபா தன் பெறுமதியின் பெரும்பகுதியைச் சில வாரங்களுக்குள் இழந்தபோது, இந்திய ரூபாவிற் கணக்கிடப்பட்ட அச்சந்தாவும் உடன் உயர்ந்தது. அனுமதி பெற்ற உள்நாட்டு டிஷ் சேவைகளும் உள. ஆயின் எந்த அலைவரிசை எந்தத் தொகுதியில், என்ன விலைக்கு என்பதனைத் தீர்மானிப்பது கொழும்பே. தோட்டத்து வீடு அங்கே ஓர் அட்டை இலக்கம் மட்டுமே. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை 2021 ஆம் ஆண்டில் அடைவதற்குப் பல ஆண்டுகள் போராடிய மக்கள், ஒரு கேள்வியும் கேட்க வழியின்றி மாதந்தோறும் செலுத்தும் பணம் இது. இடைத்தரகர் ஒழிந்து போகவில்லை. கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டார். இதனையே சுதந்திரம் என்கின்றனர்.

கூரைதான் எவருடையது? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. எம் கைக்கு அவை ஒருபோதும் வரவில்லை. தனதல்லாத கூரையிலே துளையிட்டுத் தட்டைப் பூட்டிய தொழிலாளி, அத்துளையால் ஒழுகும் நீருக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு படம் பார்க்கிறான்.

4

இதுவரை கூறியது பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றியும் கூற வேண்டும்.

முதலாம் வருடப் பரீட்சை முடிந்து நான் வீட்டிலிருந்த ஒரு கார்த்திகை மாதம். மூன்று நாட்களாக மழை ஓயவில்லை. அப்பாவும் பக்கத்துக் காம்பராப் பெரியப்பாவும் சென்னைத் தொலைக்காட்சியிலே செய்தி பார்த்துக்கொண்டிருந்தனர். சென்னையிலே கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் இத்தனை அடி. "பாவம், அந்தச் சனங்க" என்றார் அம்மா. அவ்வேளையிலே எங்கள் லயத்தின் பின்புறத்து மண்ணணையில் ஒரு கை நுழையுமளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. சற்று நேரத்தில் மழை வலுத்தது. "சமிக்ஞை இல்லை" என்ற எழுத்துகள் திரையில் தோன்றின. மேல் லயத்தார் அன்றிரவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டனர் என்பதை மறுநாட் காலை பெரட்டுக்களத்திலேதான் அறிந்தோம். செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தை அறிந்த எங்கள் வீடு, முந்நூறு யார் மேலே நடந்ததை அறியவில்லை.

இதனை எங்கள் வீட்டுத் துரதிர்ஷ்டம் என ஒதுக்கிவிட முடியாது. டிஷ்ஷுக்கு வரும் அலை ஏறத்தாழ 12 கிகாஹேட்ஸ் அதிர்வெண்ணுடையது. அதன் அலைநீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவே. கடும் மழையின் துளிகள் அத்தகைய அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவிக்கின்றன. ஊவாவின் பெருமழை ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான காலத்துக்குரியது. மண் சரியக்கூடிய காலமும் அதுவே. எனவே அறிவிப்பு மிகவும் வேண்டப்படும் நாளிலேயே டிஷ் கண்ணை மூடிக்கொள்கிறது. கண் திறந்திருக்கும்போதும் அது காட்டுவது வேறொரு நாட்டின் மழையையே.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, ஹல்துமுல்ல பிரதேசத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயங்களை மலை விழுங்கிற்று. அவ்விடம் ஆபத்தானது என 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது. மக்கள் அன்று காலையிலும் அதே லயங்களிலேயே இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயலின்போது நாடெங்கும் 600 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவால் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அனர்த்த அறிவிப்புகள் தமிழிலே பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற குற்றச்சாட்டு அப்போதும் எழுந்தது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றர் எனில் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றர் எனில் வெளியேற்றம். மண்சரிவு எச்சரிக்கைக்கு இந்நாட்டிற் கொள்ளப்படும் அளவுகள் இவையே. இம்மூன்று எண்களையும் மனப்பாடமாகக் கூறக்கூடிய தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனை? சென்னைத் தொடர் நாடகத்தின் மருமகள்மார் பெயர்களைக் கூறக்கூடியவை எத்தனை? இக்கேள்வியால் எங்கள் தாய்மாரை நான் இகழவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்டதையே அவர்கள் கற்றனர். வைத்தவர்களையும், வேறெதனையும் வையாது வாளாவிருந்த படித்த எங்களையுமே குற்றஞ் சாட்டுகிறேன்.

5

கேபிள் நகரத்துச் சரக்கு என்பார் அதன் பிறப்பை அறியார். 1940 களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒரிகன் மாநிலங்களின் மலைசார்ந்த சிற்றூர்களிலேதான் அது தோன்றியது. பென்சில்வேனியாவின் மகனோய் சிற்றி, லான்ஸ்போர்ட் முதலியன நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் ஊர்கள். மலை மறைத்தமையால் பள்ளத்து வீடுகளிற் படம் விழவில்லை. ஆகவே உயரமான இடத்தில் ஓர் அன்ரெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தனர். 'சமூக அன்ரெனா' என்பதே கேபிளின் ஆதிப்பெயர். மலையும் உழைப்பாளரும் சேர்ந்து பெற்றெடுத்த பிள்ளை, மலையும் உழைப்பாளரும் உள்ள ஊவாவுக்கு ஒவ்வாது எனல் விந்தையாகும்.

லயம் எமக்கு இழைக்கப்பட்ட அநீதியின் சின்னம். அதனைப் போற்ற நான் வரவில்லை. ஆனால் ஓருண்மையை மறைக்கவும் இயலாது. நாட்டுப்புறத்தில் வீடுகள் சிதறிக் கிடப்பதாலேயே கேபிள் செலவு மிகுந்ததாகிறது. தோட்டத்திலோ பன்னிரண்டு வீடுகள் ஒரு சுவரிலே ஒட்டியிருக்கின்றன. முகட்டோடு ஒரு கம்பியை ஓட்டினால் பன்னிரண்டு வீட்டுக்கும் கிளை பிரிக்கலாம். ஒரு டிவிசனின் லயங்கள் அனைத்தையும் இணைக்க வேண்டிய கம்பி, நகரத்துத் தெருவொன்றுக்கு வேண்டிய அளவைப் பெரிதும் விஞ்சாது. எங்களை எண்ணிக் காவல் செய்வதற்காக நெருக்கி வைத்தனர். அந்நெருக்கமே எங்களை ஒன்றாகப் பேசவைக்கும் சாதனமாகட்டும்.

கேபிளும் செய்மதிச் சமிக்ஞையைத் தட்டு வைத்தே பெறுகிறது. மழை அதனையும் தாக்காதா என்பார். தாக்கும். ஆயின் பன்னிரண்டு குடும்பங்கள் தனித்தனியே சிறுதட்டு வாங்குவதற்குப் பதிலாக, நூறு குடும்பங்கள் கூடிப் பெருந்தட்டொன்றை வாங்கலாம். பெருந்தட்டு அதிக மழையைத் தாங்கும். அதனினும் முக்கியமானது மற்றொன்று. தோட்டத்து நிலையத்திலிருந்தே புறப்படும் அலைவரிசைக்குச் செய்மதியே வேண்டியதில்லை. மழைமானியின் இன்றைய அளவு, வெடிப்பு விழுந்த இடம், பாடசாலையின் திறந்த கதவு ஆகியவற்றை எம்மவர் ஒருவர் எம்முடைய தமிழிலே கூறலாம். மின்சாரம் நின்றால் கேபிளும் நிற்கும் என்பதும் மெய்யே. ஆனால் மண் ஒரு நொடியில் நனைவதில்லை. பல நாட்கள் ஊறியே சரிகிறது. அந்நாட்களிற் பேசப்படுவதே உயிர் காக்கும்.

6

இனி, கேபிள்காரரைப் பற்றிய அச்சம். அது நியாயமானதே. தமிழ்நாட்டின் அனுபவம் கண்முன் உள்ளது. 1990 களிலே தெருத்தெருவாகச் சிறுவர்த்தகர் இழுத்த கம்பிகள் காலப்போக்கிற் பெருநிறுவனங்களின் பிடிக்குள் வந்தன. 2007 ஆம் ஆண்டில் அரசே கேபிள் நிறுவனமொன்றை அமைத்தது. 2011 இல் அது புத்துயிர் பெற்று மாதம் 70 ரூபாவுக்கு இணைப்பு வழங்கிற்று. ஏழை வீட்டுக்கு அது நன்மையே. ஆயினும் ஆட்சியாளருக்கு உவப்பில்லாத அலைவரிசைகள் அதிலே பின்தள்ளப்பட்டன என்ற முறைப்பாடு மீண்டும் மீண்டும் எழுந்தது. தனியார் கம்பியாயினும் அரசின் கம்பியாயினும், அதன் தலைப்பை வைத்திருப்பவர் எவரோ அவரே திரையை ஆள்வர்.

இதிலிருந்து என் நண்பர்கள் பெறும் முடிவு, கேபிளே வேண்டாம் என்பது. நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன். எங்கள் தாய் தந்தையரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தொழிற்சங்கச் சந்தா கழிகிறது. சில தலைவர்கள் அச்சந்தாவுக்கு உண்மையாக நடக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. அதற்காகச் சங்கமே வேண்டாம், ஒவ்வொருவரும் தனியே போய்த் துரையுடன் பேசட்டும் என்று எவரேனும் கூறுவாரா? கூறுபவரைக் கம்பனியின் ஆள் என்று நாம் அழைக்க மாட்டோமா? தலைவர் சரியில்லையெனில் தலைவரை மாற்றுவோம். சங்கத்தைக் கலைக்க மாட்டோம். கேபிளுக்கும் இதுவே விதி. கம்பி கூட்டுடைமையாக வேண்டும். நடத்துவோர் தெரிவு செய்யப்பட வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் கோவில் முற்றத்திலே வாசிக்கப்பட வேண்டும். இதற்குச் சட்டத்தை வானத்திலிருந்து வருவிக்க வேண்டியதில்லை. 1972 ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் உண்டு. தோட்டங்களிலே வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு.

முன்மாதிரியும் அருகிலேயே உண்டு. 1989 இல் மகாவலித் திட்டப் பிரதேசத்திலே கொத்மலைச் சமூக வானொலி தோன்றியது. கிராமத்தார் கேட்ட ஐயங்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பிய அதன் முயற்சி பின்னர் உலகின் கவனத்தைப் பெற்றது. ஆனால் அது அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிள்ளை. சமூகத்தின் பெயரைத் தாங்கியதேயன்றிச் சமூகத்தின் உடைமையாகவில்லை. அக்குறையையே நாம் தீர்க்க வேண்டும். சமூகத்தவர் தாமே உடைமை கொள்ளும் ஒலி, ஒளிபரப்புக்கு உரிமம் வழங்கும் சட்டத்தைக் கோர வேண்டும்.

"கைபேசி வந்த பின்னர் டிஷ் ஏது, கேபிள் ஏது?" என்று கேட்டு இவ்விவாதத்தையே முடித்துவிட நினைப்போரும் உளர். கைபேசி என்பது உள்ளங்கைக்குச் சுருங்கிய டிஷ்ஷேயாம். முன்னர் வீட்டுக்கொரு திரை. இப்போது ஆளுக்கொரு திரை. 2021 ஆம் ஆண்டிலே பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் இணையப் பாடத்துக்குச் சமிக்ஞை தேடிக் காட்டு வழியே மலையேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவர்கள் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். ஒரே சரிவின் மேலே லயமும் கீழே கிராமமும் இருக்கையில், மண் மொழி பார்த்துச் சரிவதில்லை. நான் வேண்டும் கம்பி அக்கிராமத்தையும் தொட வேண்டும். அதன் அறிவிப்பு இரு மொழியிலும் ஒலிக்க வேண்டும்.

7

சென்னையின் படங்களையும் பாடல்களையும் கைவிடுங்கள் என நான் கூறவில்லை. பகல் முழுவதும் கொழுந்தெடுத்துக் கூனிய முதுகுக்கு மாலையில் ஒரு மணிநேரப் பாட்டு வேண்டும். அதனைப் பறிக்க நான் யார்? அப்பாட்டும் அதே கம்பியில் வரட்டும். உரிய கட்டணத்தைச் சங்கமே உரியவரிடம் செலுத்தி, உரிமத்தோடு பெறட்டும். அதனோடு எங்கள் ஊரின் பெயரும் ஒருமுறையாவது அத்திரையில் ஒலிக்கட்டும்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது புதிய டிஷ்ஷொன்றை வாங்கிச் செல்வது பிள்ளையின் கடன் என எண்ணுகிறோம். நானும் அவ்வாறு எண்ணியவனே; எங்கள் கூரையில் நிற்கும் தட்டு என் முதலாம் வருடப் புலமைப்பரிசிற் பணத்தில் வாங்கியது. அத்தட்டு நின்ற கூரையின் கீழிருந்தே அந்தக் கார்த்திகை இரவில் நாங்கள் ஒன்றுமறியாது உறங்கினோம். அடுத்த விடுமுறைக்கு நான் கொண்டு செல்லப்போவது கூட்டுறவுச் சங்கப் பதிவுக்கான விண்ணப்பப் படிவம். பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டுவேன். ஒருவரும் கையொப்பமிடாவிடின் மறு விடுமுறையிலும் தட்டுவேன்.